இரண்டு பேர் பேசிய மொழி

ஜூலை 1, செவ்வாய்

என் பெயர் தொம்மை. வயது எழுபத்தொன்று. இதை நான் எழுதினேன்.

ஜூலை 2, புதன்

நேற்று எழுதியதைக் காலையில் திறந்து பார்த்தேன். அப்படியே இருந்தது. பேசியிருந்தால் காற்றோடு போயிருக்கும். காப்பி குடித்துக்கொண்டே நாலு தடவை வாசித்தேன். நாலு தடவையும் அதையே சொன்னது.

ஜூலை 3, வியாழன்

எழுத்தறிவு வகுப்பு பள்ளிக்கூடத்தில் மாலை நாலு மணிக்கு நடக்கிறது. ஒரு வருசமாகப் போகிறேன். பதினோரு பேர் படிக்கிறோம். ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். எஸ்தர் டீச்சர் சின்னப் பெண், பொறுமைசாலி. தினமும் நோட்டில் ஏதாவது எழுதச் சொன்னது அவர்தான்.

இன்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகப் பலகையில் ‘மீன்’ என்று எழுதினார். நான் ஐம்பது வருசம் கடலுக்குப் போனவன். பலகைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வாலும் இல்லை, செதிலும் இல்லை, வாசமும் இல்லை.

“டீச்சர், இது எப்படி மீன் ஆச்சு?” என்று கேட்டேன்.

“எல்லாரும் சேர்ந்து அப்படி ஒத்துக்கிட்டதுதான் தாத்தா. எழுத்து மட்டுமில்ல, வாயால மீன்னு சொல்றோமே, அதுவும் அப்படித்தான். ஊரு கூடி ஒத்துக்கிட்டது.”

“எப்போ கூடுச்சு? எனக்கு யாரும் தாக்கல் சொல்லலியே?”

பக்கத்து வீட்டு பிலோமி பின்னாலிருந்து சொன்னாள்: “அன்னைக்கு நீரு கடலுக்குப் போயிருந்திருப்பீரு.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

என் தம்பி லாசரைப் பற்றி எழுதுகிறேன். அவனுக்கு அறுபத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்து காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கிறான். ஊரில் ஊமையன் என்பார்கள். எனக்குப் பிடிக்காது. அவன் ஊமை இல்லை. வாய் ஓயாதவன் மாதிரி அவன் கை ஓயாதவன்.

வீட்டில் அவனும் நானும் மட்டும்தான், கையால்தான் பேசுவோம். யாரும் சொல்லித் தரவில்லை. காதுமடலைக் கீழே இழுத்தால் அம்மா. அம்மாவுக்குப் பாம்படம் போட்டு காது தோள்வரை தொங்கும். கழுத்துப் பொத்தானைப் போடுவது மாதிரி செய்தால் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகும்போதுதான் அந்தப் பொத்தானைப் போடுவோம். இப்போது அவன் போடுவது பனியன்தான், பூசைக்கும் டீ-சர்ட்தான். ஆனாலும் ஞாயிறு என்றால் பொத்தான்தான். பொத்தான் போய்விட்டது. ஞாயிறு மட்டும் நிலைத்துவிட்டது.

எங்களுக்காக ஊர் கூடவில்லை. நாங்கள் இரண்டு பேர்தான் கூடினோம்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று எழுத்துக் கோணலாக வரும்.

பூசை முடிந்து வந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பிரகாசி வந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். புருசன் இறந்து பத்து வருசம் ஆகிறது, பிள்ளை இல்லை. மீன் கூடை தூக்கி வியாபாரம் செய்கிறாள். கூடைக்கு ஐஸ் வாங்க தினமும் லாசரிடம் போகிறவள்.

“அத்தான், ஒரு விசயம்” என்றாள்.

இத்தனை வருசமாக என்னை அண்ணே என்று கூப்பிட்டவள். புருசனின் அண்ணனை அத்தான் என்பது எங்கள் ஊர் வழக்கம். அத்தான் என்றதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீனைக் கீழே வைத்தேன்.

“நானும் ஒங்க தம்பியும் கல்யாணம் கட்டலாம்னு இருக்கோம்.”

“அவன் சொன்னானா?”

“சொன்னாரு.”

“எப்படிச் சொன்னான்?”

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. “சொன்னாரு அத்தான். போதும் விடுங்க.”

லாசர் அவளுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் அவனிடம் ‘சாப்பிட வா’ என்று கை காட்டினேன்.

கல்யாணம் ஆனால் அவன் பிரகாசி வீட்டுக்குப் போய்விடுவான். ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்துத் தெரு அது. ரொம்பத் தூரம் இல்லை. நடந்தால் பத்து நிமிசம்.

சந்தோசமான விசயம்தான்.

ஜூலை 7, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்தேன்.

ஜூலை 9, புதன்

எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். ஓலை என்றாலும் அது காகிதம்தான். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று பங்குச் சாமியார் ஊருக்கு முன்னால் கேட்பார். ஓலை வாசிக்காமல் கல்யாணம் இல்லை. அதற்கும் முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு சம்மதம் கேட்பார்.

இன்று லாசரைக் கூப்பிட்டிருந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். ஃபாதர் கிளமென்ட் வயதில் சின்னவர், நல்லவர்.

“தொம்மை ஐயா, சம்மதம் இல்லாத கல்யாணம் திருச்சபைக்குக் கல்யாணமே இல்ல. இது வாழ்நாள் முழுசுக்கும், நடுவுல விட்டுட்டு வர முடியாதுன்னு அவருக்குத் தெரியுமான்னு கேளுங்க.”

“அவனுக்கு அவ்வளவெல்லாம் தெரியாது ஃபாதர்” என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நீங்க கேக்கவே இல்லையே?”

நான் உள்ளதைத்தான் சொன்னேன். ‘வாழ்நாள் முழுவதும்’ என்பதற்கு எங்களிடம் சைகை கிடையாது. ஃபாதர் நெற்றியைத் தடவினார். “அவருக்குப் புரியுதுன்னு எனக்கு நிச்சயம் வராம நான் ஓலை வாசிக்க முடியாது. பாளையங்கோட்டையில காது கேக்காத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒரு சிஸ்டர் இருக்காங்க. வரச் சொல்றேன். அதுவரைக்கும் பொறுப்போம்” என்றார்.

வரும் வழியில் லாசர் என் கையைப் பிடித்து என்ன, என்ன என்று கேட்டான். நான் ‘அப்புறம்’ என்றேன்.

ஜூலை 10, வியாழன்

பிரகாசி வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

“ஃபாதர் என்ன கேட்டாரு அத்தான்?”

சொன்னேன்.

“நீங்க அவரைக் கேட்டியளா?”

“அவனுக்கு வெளங்காது பிரகாசி.”

“வெளங்காதுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டாத்தான தெரியும்? அறுபது வருசமா அவரைக் கேக்காமலே அவருக்குப் பதில் சொல்லிட்டு இருக்கிய.”

கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கோபக்காரி. கூடையில் நல்ல நெத்திலி இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஒரு யோசனை தோன்றியது. எங்கள் சைகைகளை எல்லாம் நோட்டில் எழுதிவைத்தால் சிஸ்டர் வரும்போது காட்டலாம். பின் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். முதல் சைகை அம்மா. எழுதுவது எனக்குக் கருவாடு காயப்போடுகிற மாதிரி இருக்கிறது. ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, வெயில் படுகிற மாதிரி வைக்க வேண்டியிருக்கிறது. இன்று இருபத்தேழு.

ஜூலை 14, திங்கள்

நூற்றுப் பதினெட்டோடு முடிந்தது. மனதுக்கு எவ்வளவு சந்தோசம்! உலகத்தில் யாரும் எழுதாத ஒன்றை நான் எழுதியிருக்கிறேன். எஸ்தர் டீச்சரிடம் காட்டினேன். கடைசிவரை வாசித்தார். “அகராதியே எழுதிட்டீங்களே தாத்தா!” என்றார். அகராதி என்றால் என்ன என்று கேட்டேன். வார்த்தையை ஒரு பக்கமும் அர்த்தத்தை ஒரு பக்கமும் எழுதியிருக்கும் புத்தகமாம். அர்த்தத்தை எதைக் கொண்டு எழுதியிருப்பார்கள் என்று கேட்டேன். வேறு வார்த்தைகளைக் கொண்டுதானாம். அப்படியென்றால் ஏதாவது ஒரு வார்த்தைக்கு யாராவது ஒருத்தர் கையை நீட்டி ‘இதோ, இது’ என்று காட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொத்தமும் சுற்றிக்கொண்டே இருக்கும். டீச்சர் நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, “நீங்க ரொம்ப லேட்டா பள்ளிக்கூடம் வந்துட்டீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து பட்டியலை முதலிலிருந்து வாசித்தேன். வா. போ. இரு. சாப்பிடு. தூங்கு. தொடாதே. வேண்டாம். சத்தம் போடாதே. அப்புறம். நான் வருகிறேன். நீ இங்கேயே இரு. கதவைச் சாத்து.

‘உனக்கு என்ன வேண்டும்’ என்பதற்கு ஒன்றும் இல்லை. மறந்திருப்பேன் என்று நினைத்து ரொம்ப நேரம் யோசித்தேன். மறக்கவில்லை. தேவைப்படவில்லை போல.

மூக்குக் கண்ணாடிக்குக் கால் ஆடுகிறது. நூல் கட்ட வேண்டும்.

ஜூலை 16, புதன்

ஐஸ் கம்பெனிக்குச் சும்மா போனேன். லாசர் ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்துப் போட்டுக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தான். பிரகாசி கூடையோடு நின்றாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.

எனக்குப் பாதி புரியவில்லை.

அது எங்கள் பேச்சுதான். ஆனால் அதில் எனக்குத் தெரியாத வார்த்தைகள் இருந்தன. லாசர் உள்ளங்கையில் ஊதினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் முழங்கையை இரண்டு தடவை தட்டினாள். அவன் வெட்கப்பட்டான். அறுபத்திரண்டு வயதில் அவன் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. நடுவில் இரண்டு பேரும் அடிக்கடி தாடையைப் பிடித்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டு அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். ஒரு வாரத் தாடி. கேலி செய்கிறார்கள் என்று புரிந்தது.

ஜூலை 17, வியாழன்

முகச்சவரம் செய்துகொண்டேன். பிலோமி பார்த்துவிட்டு, “என்ன தொம்மையண்ணே, மாப்பிள்ளை தம்பியா நீரா?” என்றாள்.

ஐஸ் கம்பெனிக்குப் போனேன். பிரகாசியிடம், “இப்போ திருப்திதானா? சவரம் பண்ணியாச்சு” என்றேன்.

“எதுக்கு?”

தாடையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். அவள் ஒரு நிமிசம் விழித்துவிட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

“அத்தான், அது ஒங்க பேரு.”

“என்னது?”

“ஒங்க பேரு. எங்கிட்ட ஒங்களைப் பத்திப் பேசும்போது அவரு அப்படித்தான் சொல்லுவாரு.”

எனக்குத் தெரியும் அது எங்கிருந்து வந்தது என்று. சின்ன வயதில் அவன் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருப்பான். கூப்பிட்டால் கேட்காது. கிட்டப் போய் அவன் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்புவேன். அப்புறம்தான் பேச முடியும்.

இதை எழுதும்போது ஒன்று விளங்குகிறது. அவனும் நானும் மட்டும் பேசிக்கொண்டிருந்தவரை எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. ‘நீ’ போதும். நெஞ்சில் கை வைத்தால் ‘நான்’. என்னைப் பற்றிச் சொல்வதற்கு மூன்றாவதாக ஒரு ஆள் வந்த பிறகுதான் அவன் எனக்குப் பெயர் வைத்திருக்கிறான். எத்தனை வருசமாக இந்தப் பெயர் என்று அப்போதே அவளிடம் கேட்டேன்.

“நாலு வருசமா” என்றாள் பிரகாசி.

நாலு வருசம்.

பட்டியலில் நூற்றுப் பத்தொன்பது என்று எண் போட்டு அதை எழுதினேன். உள்ளங்கையில் ஊதுவதும் முழங்கையைத் தட்டுவதும் என்ன என்று கேட்டதற்கு அவள் சொல்லவில்லை. “அது எங்களுக்குள்ள” என்றுவிட்டாள். அந்த இரண்டு இடத்தையும் காலியாக விட்டிருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

மழை. கூரைத் தகடு ஒழுகுகிறது. மழை விட்டதும் லாசர் மேலே ஏறித் தார் பூசினான்.

ஜூலை 19, சனி

லாசர் ஐஸ் கம்பெனிக்குப் போன பிறகு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பழைய விசயம் ஞாபகம் வந்தது. எனக்கு முப்பது வயதிருக்கும்போது பக்கத்து ஊரிலிருந்து சம்பந்தம் பேச வந்தார்கள். பெண்ணின் பெயர் செபஸ்தியம்மாள். நல்ல பெண். கோயிலில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அவள் மாமா, “எல்லாம் சரி, அந்த ஊமைப் பையனை எங்கேயாவது மடத்துல சேர்த்துடுங்க” என்றார். நான் எழுந்து வாசலைக் காட்டினேன். அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

லாசருக்குச் சொன்னதில்லை. அதற்குச் சைகை இல்லை.

இதைப் பற்றி வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 22, செவ்வாய்

ஃபாதர் என்னையும் லாசரையும் பிரகாசியையும் கூப்பிட்டிருந்தார். பாளையங்கோட்டை சிஸ்டர் வந்தார். பெயர் லூர்து. கலகலப்பானவர். அவர் கை பறவை மாதிரி பறக்கிறது. லாசரிடம் என்னென்னவோ பேசினார். அவன் மரியாதையாகத் தலையாட்டினான். வேற்றூர்க்காரர் இந்தியில் பேசினால் நாம் ஆட்டுவோமே, அந்தத் தலையாட்டல்.

சிஸ்டர் என் பட்டியலை வாங்கி வாசித்தார். ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். லாசர் ஒவ்வொன்றுக்கும் துள்ளினான். முன்பின் தெரியாத ஒருவர் கையிலிருந்து தன் பேச்சு வருகிறதே! நான் எழுதியது அவர் கண்ணுக்குள் போய்க் கையில் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“எங்க பிள்ளைகள் பேசுறது வேற மொழி ஐயா. இது ஒங்க மொழி. இதைப் பேசுறவங்க உலகத்துலேயே ரெண்டு பேர்தான்” என்றார் சிஸ்டர்.

“மூணு பேரு” என்றாள் பிரகாசி.

“சரிம்மா, மூணு. அதுல ஒருத்தர் மாப்பிள்ளை, ஒருத்தர் பொண்ணு. அப்போ சம்மதம் கேக்கிறதுக்கு மிச்சம் இருக்கிறது நீங்க ஒருத்தர்தான் ஐயா. பட்டியலை வச்சு நான் கையை ஆட்டிக் காட்டலாம், பேச முடியாது. நீங்கதான் கேக்கணும். நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிறேன்.”

ஃபாதர் வெள்ளிக்கிழமை என்றார். அன்று லாசர் சொல்வதைப் பொறுத்துத்தான் ஓலை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். 

ஜூலை 23, புதன்

‘வாழ்நாள் முழுவதும்’ என்று எப்படிச் சொல்வது?

மதியம் சாப்பிட்டதும் லாசரை எதிரில் உட்காரவைத்தேன். சூரியன் எழுவதைக் காட்டினேன், விழுவதைக் காட்டினேன். திரும்ப எழுந்தது, திரும்ப விழுந்தது. இருபது தடவை செய்தேன். அவன் எழுந்து போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தான். ஏதோ தூர ஊருக்குப் பயணம் போகிறோம் என்று நினைத்துவிட்டான்.

முடி நரைப்பதைக் காட்டினேன். அவன் என் தலையைக் காட்டி, ‘ஏற்கெனவே ஆகிவிட்டது’ என்றான். அவன் தலையையும் தொட்டுக் காட்டினான்.

கடைசியில் அதைச் செய்தேன். அம்மா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. துணியை முகத்தின்மேல் இழுத்து மூடினார்களே, அதைத்தான் அவன் பார்த்தான். அன்றிலிருந்து கையைக் கீழிருந்து முகத்துக்கு மேல் இழுத்தால் சாவு. அவனே உண்டாக்கினது. பட்டியலில் ஒன்பதாவது.

நான் செய்ததும் அவன் முகம் வெளுத்தது. வாசலுக்கு ஓடித் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். யார், யார் என்று கேட்டான். யாரும் இல்லை என்று உட்காரவைக்கப் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னேன். நீ. பிரகாசி. ஒரே வீடு. துணி மூடும்வரை. நடுவில் திரும்ப முடியாது.

அவன் தன் நெஞ்சைத் தொட்டான். காதுமடலை இழுத்தான். முகத்துக்கு மேல் துணி இழுத்தான். பிறகு என்னைக் காட்டி, இந்த வீட்டைக் காட்டி, ஒரு விரலோடு ஒரு விரலைச் சேர்த்துப் பிடித்தான். அம்மா போன நாளிலிருந்து நாம் இரண்டு பேரும் அப்படித்தானே இருக்கிறோம், அதுதானே என்றான்.

அவனுக்குத் தெரியாது என்று ஃபாதரிடம் சொன்னேன். அவன் ஐம்பத்து மூன்று வருசமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். வார்த்தை இல்லாமலே செய்துகொண்டிருக்கிறான்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 25, வெள்ளி

முழுவதையும் எழுதிவிட வேண்டும். தூங்க நேரம் ஆகும், ஆனாலும் பரவாயில்லை.

ஃபாதரின் அறையில் நாங்கள் நாலு பேர். ஃபாதர், சிஸ்டர், லாசர், நான். பிரகாசியை வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். சன்னல் வழியாக அவள் சேலைத் தலைப்பு தெரிந்தது.

ஃபாதர் முதலில், யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்கச் சொன்னார். யாராவது உன்னைத் தள்ளினார்களா என்று தோளைத் தள்ளிக் காட்டினேன். லாசர் யோசித்தான். தன்னை யாரும் தள்ளி விழவைக்க முடியாது, பிரகாசி தள்ளினால் மட்டும் விழுவேன் என்றான். அவள் அகலத்தையும் கையால் காட்டினான். நான் சொன்னதும் ஃபாதர் சிரித்துவிட்டார். சிஸ்டர் குனிந்துகொண்டார்.

அடுத்து வாழ்நாள் முழுவதும். துணி மூடும்வரை. லாசர் உடனே தலையசைத்தான். ‘இவன் முந்தாநாளே கேட்டுவிட்டான்’ என்கிற மாதிரி ஃபாதரைப் பார்த்தான்.

“கடைசியா, இதுதான் முக்கியம்” என்றார் ஃபாதர். “இது அவரோட சொந்த விருப்பமா? அவருக்கு இது வேணுமா?”

நூற்றுப் பத்தொன்பதில் அது இல்லை.

நான் பிரகாசி இருக்கும் சன்னலைக் காட்டினேன். அவள் வீட்டைக் காட்டினேன். அவனைக் காட்டினேன். அதற்கு மேல் என்ன செய்தாலும் நான் ‘போ’ என்று சொல்கிற மாதிரியோ ‘போகாதே’ என்று சொல்கிற மாதிரியோ இருந்தது. என் கைகளுக்கு வேறு பழக்கம் இல்லை.  பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் காத்திருந்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று என் தோளைப் பார்த்தான். கை வரவில்லை. என் முகத்தைப் பார்த்தான். திரும்பவும் பின்னால் இருக்கும் கைகளை எட்டிப் பார்த்தான். அப்போது அவன் முகத்தில் ஒன்று நடந்தது. அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய் ஊதினான். பிறகு சன்னலைக் காட்டினான். தன் நெஞ்சை மூன்று தடவை தட்டினான்.

“என்ன சொல்றார்?” என்றார் ஃபாதர்.

“முதல் சைகைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது ஃபாதர். அது அவங்களுக்குள்ள. ஆனா வேணும்னு சொல்லுதான். ரொம்ப வேணும்னு சொல்லுதான்.”

ஃபாதர் பேனாவை எடுத்தார். லாசர் கையை நீட்டி அவர் பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

அவன் என் பக்கம் திரும்பினான். என்னைக் காட்டினான். எங்கள் வீட்டைக் காட்டினான். ஒரு தட்டை மட்டும் எடுத்து வைத்து ஒருவன் சாப்பிடுவது மாதிரி செய்தான். பிறகு தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தான்.

நான் செய்தபோது அது வெறும் கைகட்டி நிற்பதுதான். அவன் திருப்பிச் செய்தபோது அது ஒரு வார்த்தை ஆகிவிட்டது.

“இப்போ என்ன?” என்றார் ஃபாதர்.

“எங்கிட்ட சம்மதம் கேக்கான் ஃபாதர்.”

எழுபத்தொரு வயதில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. நான் அவசரமாக, ‘நான் நன்றாக இருப்பேன், சாப்பிடுவேன், தூங்குவேன், ஒன்றும் இல்லை’ என்று கை காட்டினேன்.

லாசர் தன் மூக்கு நுனியைத் தொட்டான்.

சிஸ்டர் பட்டியலைப் புரட்டித் தேடினார். அதை மட்டும் நான் எழுதாமல் விட்டிருந்தேன். ஃபாதர் என்னைப் பார்த்தார். வேறு ஏதாவது சொல்லிவிடலாம், அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சொன்னேன்.

“நான் பொய் சொல்லுதேன்னு சொல்லுதான். சின்னதுல ஒரு தடவை கருப்பட்டியைத் திருடித் தின்னுட்டு இல்லைன்னேன். மூக்குல ஒட்டியிருந்தது.”

ஃபாதர் சிரிக்கவில்லை. “அப்போ உண்மையைச் சொல்லுங்க ஐயா” என்றார். “நான் வேணும்னா வெளியில இருக்கேன்.”

“இருங்க ஃபாதர்” என்றேன்.

லாசரிடம் சொன்னேன். கன்னத்தில் விரல்களைக் கீழே ஓடவிட்டேன். நான். தினமும். கொஞ்ச நாள். பிறகு அவன் தோளைத் தொட்டு, சன்னல் பக்கம் மெதுவாகத் தள்ளினேன். என் நெஞ்சை மூன்று தடவை தட்டினேன், அவன் தட்டின மாதிரி.

அவன் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். மூக்கைத் தொடவில்லை. மேசையில் கிடந்த பேனாவை எடுத்து அவனே ஃபாதர் கையில் கொடுத்தான்.

ஃபாதர் எழுதினார். நான் எதிர்ப்பக்கம் இருந்ததால் தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனாலும் வாசித்துவிட்டேன். சம்மதம். ஐந்தே எழுத்து. ஒரு மணி நேரம் அந்த அறையில் நாங்கள் செய்ததெல்லாம் அதற்குள் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 26, சனி

பிரகாசி நெத்திலி கொண்டு வந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். குழம்பில் உப்புக் கூடுதல் என்றாள். கூடுதல்தான்.

ஜூலை 27, ஞாயிறு

முதல் ஓலை.

பூசையில் எல்லாரும் நன்மை அப்பம் வாங்கின பிறகு ஃபாதர் காகிதத்தை எடுத்தார். லாசரின் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னார். பிரகாசியின் பெயரைச் சொன்னார். கோயில் முழுக்க ஒரு சலசலப்பு. எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. லாசர் என் விலாவில் இடித்து என்ன என்று கேட்டான்.

உன்னைப் பற்றித்தான், பிரகாசியைப் பற்றித்தான், ஊருக்கே சொல்கிறார் என்றேன். “இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை தெரிந்திருந்தால்” என்று ஃபாதர் வாசித்தார். ‘யாராவது வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்கிறார்’ என்று கை காட்டினேன்.

இதை யாரும் உண்மையாகவே கேட்பதாக நினைப்பதில்லை. வாசித்து முடித்தால் அடுத்த அறிவிப்பு. ஆனால் லாசர் எழுந்து நின்றுவிட்டான். பின்பக்கம் திரும்பி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தான். கேட்டால் பதில் வர வேண்டும் அல்லவா? அவன் பதிலுக்குக் காத்திருந்தான்.

ஃபாதர் அடுத்த காகிதத்தை எடுக்காமல் நின்றார்.  எனக்கு அவனை உட்காரவைக்கத் தோன்றியது. கை அவன் சட்டை வரை போய்விட்டது. இழுக்கவில்லை.

பெண்கள் பக்கத்தில் பிலோமி உட்கார்ந்திருந்தாள். லாசரின் பார்வை அவளிடம் வந்தது. அவள் கொஞ்சம் தடுமாறினாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து, காலியாக, அவனுக்குக் காட்டினாள். என்னிடம் ஒன்றும் இல்லை. லாசர் தலையசைத்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போனான். அவளும் விரித்தாள். அவளுக்குப் பக்கத்தில் எஸ்தர் டீச்சர். அப்புறம் அந்த வரிசை. அப்புறம் ஆண்கள் பக்கம். ஐஸ் கம்பெனி முதலாளி, படகுக்காரர்கள், ஊமையன் என்று கூப்பிடுகிறவர்கள். யாரும் சொல்லித் தரவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள். பிரகாசி தலையில் முக்காட்டோடு அழுதுகொண்டே அவளும் விரித்துக் காட்டினாள். பீடத்தில் நின்ற ஃபாதர் காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரித்தார்.

கடைசியாக லாசர் பக்கத்தில் இருந்த என்னைக் குனிந்து பார்த்தான். என் மடியில் செபப் புத்தகம் திறந்து இருந்தது. அதை மூடிப் பெஞ்சில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்தேன்.